“42 சதவீதம் எங்கிருந்து வந்தது?” என்று பையர் கேட்கிறார்

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டுப் பையர்களோடு, அதாவது சரக்கு வாங்குபவர்களோடு, பேசி ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 31. பெயர், கம்பெனி, பையர் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கடிதத்தின் சாரம் இது. ஜெர்மனியில் குழந்தைகள் ஆடை விற்கும் ஒரு பையர், வெள்ளிக்கிழமை மாலை மெயில் அனுப்பி, திங்கட்கிழமை வீடியோ காலில் கம்பெனியைப் பற்றியும் அதன் சுற்றுச்சூழல் நடவடிக்கைகள் பற்றியும் ஒரு பிரசென்டேஷன் கேட்கிறார். முதலாளி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்: “ஏதோ ஏஐல போட்டா பத்து நிமிஷத்துல வந்துருதாம், அதுல போட்டு முடிச்சிரும்மா.” வாசகி அன்றிரவு குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, தன் சொந்த லேப்டாப்பில், சொந்தக் காசில் ஒரு மாதச் சந்தா கட்டி, 14 ஸ்லைடு தயாரிக்கிறார். பழைய பிரசென்டேஷன், காஸ்டிங் ஷீட் (விலைக் கணக்கு), பையர் கொடுத்த டெக் பேக் (ஆடையின் டிசைன் விவரங்கள்), தையல் லைனில் வேலை செய்யும் பெண்களின் போட்டோக்கள் எல்லாவற்றையும் அந்தக் கருவியில் ஏற்றியிருக்கிறார்.

ஆறாவது ஸ்லைடில்தான் வினை. “நீர்ப் பயன்பாடு 42% குறைப்பு” என்று பெரிய எழுத்தில் ஓர் எண். பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை, பார்த்தால் ஆர்கானிக் ஜவுளிக்கான சர்வதேசச் சான்றான காட்ஸ் (GOTS) முத்திரை போலவே. கீழே பளபளவென்று ஒரு சாயப்பட்டறையின் படம். அந்த எண் கம்பெனியின் எந்த ஏட்டிலும் இல்லை. படத்தில் இருக்கும் பட்டறை உலகத்தில் எங்குமே இல்லை. முதலாளி காரில் போகும்போது போனில் பார்த்துவிட்டு “சூப்பர்” என்று பதில் போட்டார். வீடியோ காலும் நன்றாகவே முடிந்தது, 18,000 பீஸ் டிரையல் ஆர்டரும் வந்தது.

மூன்று வாரம் கழித்து பையரின் கம்ப்ளையன்ஸ் பிரிவிலிருந்து (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) மெயில்: 42 சதவீதம் எந்த வருடத்தோடு ஒப்பிட்டது? காட்ஸ் ஸ்கோப் சான்றிதழ் எண் என்ன? படத்தில் உள்ள யூனிட்டின் முகவரி என்ன?

முதலாளி இப்போது, “நீ போட்டதுக்கு நீயே பதில் சொல்லு” என்கிறார். ஆர்டர் போனால் நஷ்டத்துக்கு முழுப் பொறுப்பு வாசகியே என்று ஒரு கடிதத்தில் அவரிடம் கையெழுத்து கேட்கிறார். இந்த மாதச் சம்பளத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார். வாசகி பயந்துபோய் அந்தக் கருவியில் இருந்த கோப்புகளை அழித்துவிட்டார். தன் மீது மோசடி வழக்கு வருமா, ஏஐ கம்பெனி மேல் பழி சொல்ல முடியுமா, “உள் மதிப்பீடு” என்று எழுதிச் சமாளிக்கலாமா, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் “நான் ஏமாற்றிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். ஓர் இரவில் 14 ஸ்லைடு செய்யச் சொன்னவர் நீங்கள் இல்லை. பார்த்து ஒப்புதல் கொடுத்தவரும் நீங்கள் இல்லை. சரிபார்க்காமல் விட்டீர்கள், அது தவறுதான். ஆனால் கவனக்குறைவும் ஏமாற்று வேலையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. இப்போதைக்கு நீங்கள் கவனக்குறைவின் பக்கம் நிற்கிறீர்கள். பையருக்கு அடுத்து அனுப்பப் போகும் மெயிலில்தான் மறுபக்கம் போய்விடுகிற ஆபத்து இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த எண் எப்படி வந்தது

நீங்கள் இணைத்து அனுப்பிய ஸ்லைடைப் பார்த்தேன். மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண், அதன் கீழே ஒரு வரி. முதல் பெட்டியில் தையல் மெஷின்களின் எண்ணிக்கை, இரண்டாவதில் மாத உற்பத்தி. இரண்டும் உங்கள் பழைய பிரசென்டேஷனில் இருந்து வந்த சரியான எண்கள். மூன்றாவது பெட்டிக்கு நீங்கள் கொடுத்தது “தண்ணீர் சிக்கனம்” என்ற இரண்டு வார்த்தை மட்டும். வடிவமைப்பு மூன்று எண் கேட்டது, உங்களிடம் இருந்ததோ இரண்டு. காலியாக இருந்த பெட்டியைக் கருவி நிரப்பிவிட்டது.

இந்தக் கருவிகள் வேலை செய்யும் விதமே இதுதான். இதுவரை படித்த கோடிக்கணக்கான வாக்கியங்களை வைத்து, இந்த இடத்தில் அடுத்து என்ன வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணித்து எழுதுகின்றன. ஜவுளிக் கம்பெனி, தண்ணீர், குறைப்பு என்று மூன்றும் சேர்ந்தால் நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் “பொருத்தமாக” இருக்கும். உங்கள் கம்பெனியின் தண்ணீர் மீட்டரை அது பார்த்ததில்லை. பொய் சொல்லும் நோக்கமும் அதற்கு இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே உறுதியான குரலில் சொல்வதுதான் அதன் சிக்கல், அந்தக் குரலை நம்பித்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள்.

உங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். 2025-ல் ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் நிறுவனம் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லி இல்லாத மேற்கோளும் இருந்தன. சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தம் அது. அறிக்கையைத் திருத்தி, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. என் வக்கீல் தொழிலிலும் இது நடந்திருக்கிறது. 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி உருவாக்கிய இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த வழக்கில் நீதிபதியைக் கோபப்படுத்தியது கருவியைப் பயன்படுத்தியது அல்ல. சந்தேகம் எழுந்த பிறகும் அந்த வழக்குகள் உண்மையானவை என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மோசடி வழக்கு வருமா?

இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு ஏமாற்றுதலைப் பற்றியது. ஒருவரை ஏமாற்றி, வஞ்சகமாகவோ நேர்மையற்ற முறையிலோ தூண்டி, பொருளைக் கொடுக்க வைத்தாலோ, வேண்டுமென்றே ஏதாவது செய்ய வைத்து அவருக்குப் பாதிப்பு வரச் செய்தாலோதான் அது பொருந்தும். தெரிந்தே செய்தார் என்பது அதற்கு உயிர்நாடி. நீங்கள் பிரசென்டேஷன் செய்த இரவில் 42 என்பது கற்பனை எண் என்று உங்களுக்குத் தெரியாது. கருவி எங்கிருந்தோ எடுத்திருக்கும் என்று நினைத்தீர்கள். அந்த நிலையில் குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை.

இன்று நிலைமை வேறு. மெயில் வந்த பிறகு எண் பொய் என்று உங்களுக்கும் முதலாளிக்கும் தெரியும். இந்த நேரத்தில் “உள் மதிப்பீடு” என்று எழுதினால், அது தெரிந்தே சொல்லும் பொய். மூன்று வாரத்துக்கு முந்தைய கவனக்குறைவுக்கு, இன்று நீங்களே நோக்கத்தைச் சேர்த்துக் கொடுத்ததாக ஆகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலாளி எழுதச் சொன்னாலும் உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியிலிருந்து அது போகக் கூடாது.

சிவில் பக்கம் கம்பெனிக்குச் சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 18-வது பிரிவைப் படித்தால் உங்கள் ஆறாவது ஸ்லைடுக்காகவே எழுதியது போல் இருக்கும். ஒரு விஷயம் உண்மை என்று சொல்பவரே நம்பினாலும், அப்படி உறுதியாகச் சொல்வதற்கான தகவல் அவர் கையில் இல்லாமல் சொல்லியிருந்து, அது உண்மையும் இல்லை என்றால், அது தவறான எடுத்துரைப்பு. அதை நம்பி ஒப்பந்தம் செய்தவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிறது 19-வது பிரிவு. எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதை உங்கள் ஆர்டர் ஒப்பந்தம்தான் சொல்லும். ஆனால் இந்த அடிப்படை எங்கும் பெரிதாக மாறாது. அந்த ஒப்பந்தம் பையருக்கும் கம்பெனிக்கும் இடையில் போட்டது. நீங்கள் அதில் ஒரு தரப்பு அல்ல. வேலையின் பகுதியாக ஊழியர் செய்ததற்கு வெளியாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி.

ஏஐ கம்பெனி மேல் பழி போடலாமா என்றால், போட முடியாது. சந்தா கட்டும்போது “ஒப்புக்கொள்கிறேன்” என்று அழுத்தினீர்களே, அந்த நிபந்தனைகளில் பெரும்பாலும் இரண்டு விஷயம் இருக்கும்: வெளிவருவது தவறாக இருக்கலாம், சரிபார்ப்பது பயன்படுத்துபவர் பொறுப்பு. அதோடு இழப்பீட்டுக்கு ஒரு சின்ன உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். பையருக்கும் அதில் அக்கறை இல்லை. அவருக்கு அந்தப் பிரசென்டேஷன் உங்கள் கம்பெனியின் வார்த்தை. பேனா எழுதியதா, கருவி எழுதியதா என்று அவர் பார்க்க மாட்டார்.

பையர் ஏன் இவ்வளவு துருவுகிறார்

சும்மா தொந்தரவு செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்துகிறது. “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்பது போன்ற பொதுப்படையான வார்த்தைகளை ஆதாரமில்லாமல் நுகர்வோரிடம் சொல்லக் கூடாது, முறையான சான்றளிப்புத் திட்டம் இல்லாத முத்திரைகளைக் காட்டக் கூடாது என்கிறது அது. நீங்கள் ஸ்லைடில் போட்ட 42, நாளை அந்தப் பையரின் இணையதளத்தில் ஒரு குழந்தை சட்டையின் கீழே ஏறலாம். ஏறிவிட்டால் அங்கே பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

காட்ஸ் விஷயத்திலும் உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. “சான்று பெற்ற நூல்தான் வாங்குகிறோம், அதனால் முத்திரை போட்டது தப்பில்லை” என்கிறீர்கள். நூல் மில்லுக்குச் சான்று இருந்தால் போதாது. நூற்பு, நிட்டிங், சாயம், தையல் என்று சங்கிலியில் ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஸ்கோப் சான்றிதழ், கைமாறும் சரக்குக்கு டிரான்சாக்ஷன் சான்றிதழ். உங்கள் தையல் யூனிட் சான்று பெறவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்த முத்திரையைப் போடும் உரிமை உங்கள் கம்பெனிக்கு இல்லை. கருவி வரைந்தது அசலைவிடக் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்பது இன்னும் மோசம். பார்ப்பவருக்கு அது போலி முத்திரையாகவே தெரியும்.

இதில் எனக்கு மனவருத்தம் தருவது ஒன்று உண்டு. சொல்லிக்கொள்ள உண்மையான விஷயமே இல்லாத ஊரா திருப்பூர்? நொய்யல் ஆறு சாயக்கழிவால் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எத்தனை குடும்பங்கள் அன்று ஆடிப்போயின என்பது உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் போகக் கூடாது என்ற முறையில், சுத்திகரித்த தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்தும் நிலையங்களைக் கட்டி, கடன் சுமந்து எழுந்த ஊர் இது. உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறையும் அப்படி ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இணைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மீட்டர் இருக்கிறது, மாதாமாதம் அளவு எழுதுகிறார்கள். போய்க் கேட்டால் ஒரே நாளில் கிடைக்கும் உண்மையான எண்ணை விட்டுவிட்டு, யாரும் அளக்காத 42-ஐக் காட்டியிருக்கிறோம்.

பையருக்கு என்ன எழுதுவது

மூன்று வழி இருக்கிறது. எண்ணைத் தாங்கிப் பிடித்து ஏதாவது விளக்கம் எழுதுவது ஒன்று. அதன் ஆபத்தை மேலே சொல்லிவிட்டேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல், சத்தமில்லாமல் ஆறாவது ஸ்லைடை மாற்றிப் புது பிபிடி அனுப்புவது இரண்டாவது. முதலாளிகள் அதிகம் விரும்புவது இதைத்தான். ஆனால் கேட்டவர் கம்ப்ளையன்ஸ் ஆள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. மறைத்தார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் டிரையல் ஆர்டரோடு கதை முடிந்தது.

மூன்றாவது, நேராகத் திருத்துவது. இதில் ஆர்டர் போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. போகவும் கூடும். ஆனாலும் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். சட்டப்படி கம்பெனியின் பாதிப்பைக் குறைப்பது இதுதான். சரக்கு இன்னும் போகவில்லை, பையர் அந்த எண்ணைத் தன் விளம்பரத்தில் சேர்க்கவும் இல்லை. இன்றைக்குத் திருத்தினால் இழப்பு சின்னது.

மெயில் முதலாளி பெயரில் போக வேண்டும். வரைவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நீளமாக வேண்டாம், இப்படி இருக்கட்டும்: “எங்கள் பிரசென்டேஷனின் 6-ஆம் ஸ்லைடை மீண்டும் சரிபார்த்தோம். 42% என்ற எண்ணுக்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறோம். அதில் இருந்த படம் விளக்கத்துக்காக உருவாக்கியது, எங்கள் யூனிட்டின் படம் அல்ல. எங்கள் தையல் யூனிட் காட்ஸ் சான்று பெறவில்லை, அந்த முத்திரை இடம்பெற்றது தவறு. நூல் சப்ளையரின் சான்றிதழையும், சாயமிடும் யூனிட் இணைந்துள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவுகளையும் இந்தத் தேதிக்குள் அனுப்புகிறோம்.” தேதியைப் போட்டுவிட்டு அதற்குள் கண்டிப்பாக அனுப்புங்கள்.

ஏஐ என்ற வார்த்தையை அதில் சேர்க்க வேண்டுமா என்று யோசிப்பீர்கள். ஒரு வியாபாரப் பிரசென்டேஷனை ஏஐ கொண்டு செய்தால் எதிர்த்தரப்பிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. பையரின் ஒப்பந்தத்தில் அப்படி ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள். நீங்களாகவே ஏஐயைக் காரணமாகச் சொல்லத் தேவையில்லை. சாக்கு சொல்வது போல் ஆகிவிடும்.

முதலாளி நீட்டும் கடிதம்

கையெழுத்துப் போடாதீர்கள். “நஷ்டம் முழுவதற்கும் நானே பொறுப்பு” என்று எழுதிக் கொடுத்தால், இப்போது இல்லாத ஒரு கடமையை நீங்களே உருவாக்கிக் கொடுத்ததாகும். வற்புறுத்தினால், நடந்ததை மட்டும் எழுதி ஒரு விளக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தத் தேதியில் யார் சொல்லிச் செய்தீர்கள், யாருக்கு எப்போது அனுப்பினீர்கள், யார் பார்த்து ஒப்புதல் தந்தார். அதில் மன்னிப்பும் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். ஒரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது மெயிலில் அனுப்புங்கள்.

சம்பளத்தை நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ன்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். ஊழியரின் அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய அதில் வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளோ கணக்குக் காட்ட வேண்டிய பணமோ நஷ்டமானால்தான் அது. விளக்கம் சொல்ல வாய்ப்பும் கொடுத்தாக வேண்டும். போகலாம் என்று பயப்படும் ஓர் ஆர்டர் அந்தக் கணக்கில் வராது. போதாததற்கு நஷ்டமே இன்னும் வரவில்லை.

வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்ற பயத்துக்கு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நோட்டீஸுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் தரலாம். ஒழுங்கீனம் என்று காரணம் காட்டினால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. தொழிற்சாலையின் அலுவலகப் பிரிவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உங்கள் பணி ஆணையில் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களாக விலகுவதா? சூடு தணியும் வரை வேண்டாம். மெயில் போவதற்கு முன் விலகினால், தப்பு செய்துவிட்டு ஓடிவிட்டார் என்ற பேச்சுதான் மிஞ்சும். பல்லடத்திலிருந்து அவிநாசி வரை மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். திருத்தம் போய், சம்பளம் வந்து, ஒரு மாதம் கழித்தும் அங்கே மரியாதை இல்லை என்றால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். விலகினால் நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதும் அதே ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

அழித்த கோப்புகளும் ஏற்றிய கோப்புகளும்

“என் காசில் சந்தா கட்டினேன், என் லேப்டாப், அதனால் பிபிடி என்னுடையது” என்று நினைத்து அழித்திருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவின்படி, வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். சந்தாப் பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம், கோப்பை அழிக்க முடியாது. அதைவிட முக்கியம், அந்தக் கோப்பு உங்களுக்குத்தான் ஆதாரம். நீங்கள் 42 என்று தட்டச்சு செய்யவே இல்லை என்பதை அதில் உள்ள உங்கள் உரையாடல்தான் காட்டும். பெரும்பாலான கருவிகளில் குப்பைத்தொட்டி போல ஒரு பகுதி சில காலம் கோப்பை வைத்திருக்கும். இன்றைக்கே உள்ளே போய் மீட்க முடியுமா பாருங்கள். முதலாளியின் குரல் பதிவையும் “சூப்பர்” என்ற பதிலையும் தேதி தெரியும்படி வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள்.

ஏற்றிய கோப்புகள் பற்றி நீங்கள் கவலையே படவில்லை. எனக்கு 42-ஐ விட இதுதான் பெரிய கவலை. டெக் பேக் என்பது இன்னும் கடைக்கு வராத டிசைன். இரகசியம் காப்போம் என்று உங்கள் கம்பெனி பையருக்கு எழுதிக் கொடுத்திருக்கும். தனிநபர் கணக்குகளில் ஏற்றுவதைக் கருவியின் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அமைப்பு பல சேவைகளில் தானாகவே போட்டிருக்கும், நாம்தான் தேடி அணைக்க வேண்டும். நிறுவனங்களுக்கான கணக்குகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் மென்பொருள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்ட பிறகு, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. 2025 ஜனவரியில் நம் மத்திய நிதியமைச்சகமும் அலுவலகக் கணினிகளில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

அதனால் முதலில் அமைப்பில் போய்ப் பயிற்சிக்கான அனுமதியை அணையுங்கள். பிரசென்டேஷனை லிங்க் கொடுத்துப் பகிர்ந்திருந்தால், லிங்க் வைத்திருக்கும் யாரும் திறக்கும்படி இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். எந்தெந்தக் கோப்பு ஏறியது என்ற பட்டியலை முதலாளியிடம் எழுத்தில் கொடுங்கள். பையருக்குத் தெரிவிப்பதா என்பதை இரகசிய ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அவர் தீர்மானிக்கட்டும். ஒப்பந்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவித்தே ஆக வேண்டும்.

தையல் லைன் பெண்களின் போட்டோக்களுக்கும் இதே கவனம் வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-க்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. “அக்கா, உங்க போட்டோவ பையருக்குக் காட்டட்டுமா?” என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இனி பிபிடி செய்யும்போது

கருவியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கு இரவுத் தூக்கத்தை மிச்சப்படுத்துகிறது, ஆங்கில வாக்கியங்களைச் செம்மைப்படுத்துகிறது, ஸ்லைடுகளை அழகாக அடுக்குகிறது. அதற்கு அது நல்ல கருவிதான். ஏஐ வருவதற்கு முன்பும் இந்தத் தப்பு இருந்தது. என் கட்சிக்காரர் ஒருவர் வங்கிக் கடனுக்குக் கொடுத்த திட்ட அறிக்கை, வேறொரு கம்பெனியின் அறிக்கையைப் பார்த்து எழுதியது. பதினோராம் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் அப்படியே நின்றது. கடன் ஐந்து மாதம் தள்ளிப்போனது.

கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எண்களை எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எந்த ஆவணத்திலிருந்து, எந்த மாதக் கணக்கு என்று குறியுங்கள். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் கருவிக்குக் கொடுங்கள், டெக் பேக்கையும் காஸ்டிங் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். “நான் தராத எண் எதையும் சேர்க்காதே, எண் தேவைப்படும் இடத்தில் ‘விவரம் தேவை’ என்று எழுது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னாலும் மீறும், அதனால் கடைசியில் பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். அளவு அட்டவணையில் அரை சென்டிமீட்டர் கூடினால் பீஸைத் தனியே எடுத்து வைக்கும் கண் உங்களுடையது. அதே கண்ணால் ஒவ்வொரு எண்ணையும், முத்திரையையும், படத்தையும் தாளோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். ஆதாரம் இல்லாதது ஸ்லைடில் இருக்கக் கூடாது. யூனிட்டின் படம் வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கே போங்கள். டிக் அடித்த தாளில் முதலாளியிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைப்பதும் நல்ல பழக்கம்.

இன்று மாலைக்குள் மெயில் வரைவை முதலாளிக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அனுப்ப மறுத்தால், அனுப்பச் சொன்னதற்கான உங்கள் மெயில் இருக்கட்டும், நீங்களாகப் பையருக்கு எழுத வேண்டாம். ஏழாம் தேதி தாண்டியும் சம்பளம் வராவிட்டால் திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். போகும்போது பணி ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பள விவரம், அந்தக் குரல் பதிவு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.